பொன்னேரியில் நாடகக் கொட்டகை நிற்குமா?

விடிய விடியக் கூத்து நடக்கிறது. அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறுகிறான். மேலிருந்து எலுமிச்சம் பழம் எறிகிறான். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் கீழே மடியேந்தி நிற்கிறார்கள். பிறகு ஒரு நாள் துரியோதனன் படுகளத்தில் விழுகிறான். தீமிதி முடிகிறது. கூத்துக்காரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய் விடுகிறார்கள்.

திரௌபதி அம்மன் கோயில் உள்ள வடதமிழ்நாட்டு ஊர்களில் இது பழகிய காட்சி. திருவள்ளூர் மாவட்டத்துக்கும் புதிதல்ல.

சரி, அதற்குப் பிறகு?

அடுத்த திருவிழா வரை நாடகம் இல்லை. ஆண்டுக்குச் சில இரவுகள் கூத்து. மற்ற நாட்களுக்கு டெலிவிஷன், செல்போன், சினிமா. ஊர்க் கதையை ஊர் மனிதர்களே நடித்து, ஊர் மனிதர்களே உட்கார்ந்து பார்க்கும் ஓர் இடம் ஆண்டு முழுவதும் இருக்க முடியாதா?

முடியும் என்று உலகில் பல ஊர்கள் காட்டியிருக்கின்றன. அவற்றில் ஒன்று மீன்பிடி ஊர். பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் அந்த ஊரின் கதை மிகவும் பொருந்தும்.

80 பேர் உட்காரும் கொட்டகை

முதலில், சிறு அரங்கு என்றால் என்ன?

பெரிய சபாவில் 1,000 பேர் உட்காரலாம். கடைசி வரிசையில் இருப்பவருக்கு நடிகரின் முகம் தெரியாது. நடிகர் மைக்கைப் பார்த்துத்தான் பேச வேண்டும். சிறு அரங்கு அப்படி அல்ல. 80 பேர், 100 பேர், மிஞ்சினால் 200 பேர். நடிகர் பெருமூச்சு விட்டால் கடைசி ஆளுக்கும் கேட்கும். திரைச்சீலை, மாளிகை, சிம்மாசனம் எதுவும் கட்டாயமில்லை. ஓர் அறை, சில விளக்குகள், உட்காரப் பாய் அல்லது பெஞ்சு. இவ்வளவு போதும்.

வீணைக் கச்சேரியைப் பெரிய பந்தலில் கேட்பதற்கும் வீட்டுக் கூடத்தில் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு அல்லவா? அந்த வித்தியாசம்தான் இது. சுவீடன் நாட்டு நாடக ஆசிரியர் ஸ்டிரிண்ட்பெர்க் 1907-ல் ஸ்டாக்ஹோம் நகரில் இப்படி ஓர் அரங்கைத் திறந்தார். அதில் 161 இடங்களே இருந்தன. அறையில் வாசிக்கும் இசையைப் போல அறையில் நடிக்கும் நாடகம் என்று அவர் அதற்குப் பெயர் வைத்தார். 3 ஆண்டுகளில் அது மூடப்பட்டது. ஆனால் அந்த எண்ணம் சாகவில்லை.

இத்தகைய அரங்குகளில் பல லாபத்துக்காக நடப்பவை அல்ல. இதைச் சிலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். லாப நோக்கம் இல்லை என்றால் வருமானமே இல்லை என்று பொருள் அல்ல. டிக்கெட் விற்கலாம். நடிகருக்குச் சம்பளம் கொடுக்கலாம். மிஞ்சிய பணத்தை யாரும் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது. அது மறுபடி அரங்குக்கே போக வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

மீன் கிடங்கில் பிறந்த நாடகம்

இப்போது அந்த மீன்பிடி ஊருக்கு வருவோம்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராவின்ஸ்டவுன் என்று ஒரு கடலோர ஊர். கோடையில் அங்கே எழுத்தாளர்களும் ஓவியர்களும் வந்து தங்குவார்கள். 1915-ல் அவர்களில் சிலர் சேர்ந்து நாடகம் போட நினைத்தார்கள். கொட்டகை இல்லை. பணமும் இல்லை. முதலில் ஒரு வீட்டிலேயே நடித்தார்கள். பிறகு கடலுக்குள் நீண்டிருந்த படகுத் துறையில், மீன் வைக்கும் பழைய மரக் கிடங்கு ஒன்று அவர்கள் கண்ணில் பட்டது. அதைச் சுத்தம் செய்தார்கள். ஒரு சிறு மேடை அடித்தார்கள். உட்கார மரப் பெஞ்சுகள் போட்டார்கள்.

அடுத்த ஆண்டு, 1916-ல், ஓர் இளைஞர் கையெழுத்துப் பிரதியோடு வந்தார். அவர் கப்பலில் கூலி மாலுமியாக வேலை பார்த்தவர். பெயர் யூஜின் ஓநீல். கப்பலில் அடிபட்டு, படுக்கையிலேயே செத்துக்கொண்டிருக்கும் ஒரு மாலுமியின் கதையை அவர் நாடகமாக எழுதியிருந்தார். ஜூலை 28-ந் தேதி அந்தக் கிடங்கில் அது நடந்தது. மேடையில் கப்பல். கிடங்கின் பலகைக்கு அடியில் உண்மையான கடல்! எந்தப் பெரிய கொட்டகையால் அந்த அலைச் சத்தத்தைக் கொடுக்க முடியும்?

பின்னாளில் ஓநீலுக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அது 1936-ல். அவருடைய நாடகம் முதன் முதலாக மேடை ஏறிய இடமோ ஒரு மீன் கிடங்கு.

கதை இத்துடன் முடிந்தால் மகிழ்ச்சியாக இருக்கும். முடியவில்லை. அந்தக் குழு அதே ஆண்டு நியூயார்க் நகரத்துக்குப் போயிற்று. அங்கே சந்தா கட்டிய உறுப்பினர்களுக்காக நாடகம் நடத்தியது. 1920-ல் ஓநீலின் ‘எம்பரர் ஜோன்ஸ்’ பெரிய வெற்றி பெற்றது. நாடகம் நகரின் பெரிய வியாபாரக் கொட்டகைக்குப் போயிற்று. எல்லாரும் வெற்றியைத் துரத்த ஆரம்பித்தார்கள். குழுவுக்கு உயிராக இருந்த ஜார்ஜ் கிராம் குக் 1922-ல் மனம் வெறுத்துக் கிரீஸ் நாட்டுக்குப் போய் விட்டார். சிறு அரங்கைத் தோல்வி மட்டுமே கொல்வதில்லை.

கல்கத்தா என்ஜினீயர்

இந்தியாவில் இந்த வழியைத் துணிந்து காட்டியவர்களில் முக்கியமானவர் வங்காளத்தின் பாதல் சர்க்கார். அவர் என்ஜினீயர். நகரமைப்பு நிபுணர். 1967-ல் ‘சதாப்தி’ என்ற குழுவை ஆரம்பித்தார். சில ஆண்டுகளில் மேடையை விட்டே இறங்கி விட்டார். மேடை எதற்கு, திரை எதற்கு, நடிகனுக்கும் பார்ப்பவனுக்கும் நடுவே சுவர் எதற்கு என்று கேட்டார். ஒரு சாதாரண அறையில், ஜனங்களுக்கு நடுவிலேயே நடித்தார். அதற்கு ‘அங்கன் மஞ்ச்’ என்று பெயர். நம் மொழியில் முற்றத்து மேடை எனலாம். பூங்காவிலும் கிராமத்திலும் டிக்கெட் இல்லாமல் நடித்தார்கள். பார்த்தவர்கள் விரும்பியதைக் கொடுத்தார்கள்.

அவர் 1980-ல் சென்னைக்கு அருகே சோழமண்டலத்தில் ஒரு பயிற்சி முகாம் நடத்தினார். தமிழ் நாடகக்காரர்கள் பலர் அதில் கலந்துகொண்டார்கள். வீதி நாடகம் தமிழ்நாட்டில் பரவியதற்கு அந்த முகாம் ஒரு காரணம்.

அதற்கு முன்பே இங்கே வேலை தொடங்கி விட்டது. 1977-ல் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். அவர் சிறுகதை எழுத்தாளர். புரிசை நடேசத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்தவர் அதிலேயே மயங்கிப் போனார். படிக்காதவர்களின் பொழுதுபோக்கு என்று பட்டணத்தார் ஒதுக்கிய கூத்தில்தான் தமிழ் நாடகத்தின் வேர் இருக்கிறது என்று சொன்னார். 1978-ல் ஞாநி ‘பரீக்ஷா’ குழுவை ஆரம்பித்தார். மதுரையில் மு. ராமசாமியின் ‘நிஜ நாடக இயக்கம்’ வந்தது.

சினிமா ரசிகர்களுக்கு ஒரு சங்கதி. நடிகர் பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் ஆகியோர் கூத்துப்பட்டறையில் பயின்றவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதும் வேலை பார்த்தார். நடிப்பவர்களை அருகில் இருந்து பார்த்தார். பிறகு என்ன ஆனார் என்பது எல்லாருக்கும் தெரியும். சினிமா பெரிய கடல் என்றால், சிறு அரங்கு மீன்குஞ்சு வளரும் ஏரி.

ஆள் உண்டு, இடம் இல்லை

ஆக, தமிழ்நாட்டில் குழுக்கள் இருக்கின்றன. நடிகர்கள் இருக்கிறார்கள். எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பின்னே குறை எங்கே?

இடத்தில்.

பம்பாயில் ஜூஹு பகுதியில் பிருத்வி அரங்கு இருக்கிறது. நடிகர் சசி கபூரும் அவர் மனைவி ஜெனிபரும் 1978-ல் திறந்தது. சசி கபூரின் தந்தை பிருத்விராஜ் கபூர் ஊர் ஊராக நாடகம் போட்டவர். நாடகம் முடிந்ததும் வாசலில் நின்று, துணியை ஏந்தி, நன்கொடை கேட்பாராம் அந்தப் பெரிய நடிகர். அவர் நினைவாக எழுந்த அந்த அரங்கில் சுமார் 200 பேர் உட்காரலாம். பெங்களூரில் அருந்ததி நாக்கின் முயற்சியில் 2004-ல் ‘ரங்க சங்கரா’ வந்தது. நாளுக்கு ஒரு நாடகம் என்பது அதன் கொள்கை. இன்றைக்கு என்ன நாடகம் என்று விசாரிக்காமலே ஜனங்கள் போகிறார்கள். நாடகம் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சென்னையில் அப்படி ஒன்று ஏற்படவில்லை என்பது நாடகக்காரர்களின் நீண்ட நாள் குறை. ஒரு குழு ஆறு மாதம் ஒத்திகை பார்க்கிறது. ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுக்கிறது. இரண்டு நாள் நடிக்கிறது. பணம் தீர்ந்து போகிறது. நாடகம் நன்றாக இருந்தது என்று நாலு பேர் சொல்லிக் கேட்டு ஐந்தாவது ஆள் கிளம்பும்போது நாடகம் முடிந்து போயிருக்கும்.

இதற்கு நேர் மாறான கதையும் உண்டு. 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் கூலி வாங்காமல் நடித்தார்கள். உறுப்பினர் சந்தாவில் சபை நடந்தது. லாபம் கருதாத நாடக சங்கத்துக்குத் தமிழில் அதைவிடப் பழைய பெரிய உதாரணம் சொல்வது கடினம். அந்தச் சபைக்கு அண்ணா சாலையில் இடமும் கிடைத்தது. ஆனால் காலப்போக்கில் அது பொழுதுபோக்குக் கிளப்பாக மாறிவிட்டது. இடம் நின்றது. நாடகம் போய்விட்டது.

கமுகுத் தோட்டத்து அரங்கு

பம்பாயும் பெங்களூரும் பணக்கார நகரங்கள். கிராமத்தில் நடக்குமா என்று கேட்கலாம்.

கர்நாடகத்தில் சிமோகா மாவட்டத்தில் ஹெக்கோடு என்று ஒரு கிராமம். சுற்றிலும் கமுகுத் தோட்டம். அங்கே 1949-ல் ஒரு நாடக சங்கம் ஏற்பட்டது. அதன் பெயர் நீலகண்டேசுவர நாட்டிய சேவா சங்கம். சுருக்கமாக ‘நீநாசம்’. அதை வளர்த்தவர் கே.வி. சுப்பண்ணா. மைசூரில் படித்தவர். படித்து முடித்ததும் பட்டணத்தில் உத்தியோகம் தேடவில்லை. ஊருக்குத் திரும்பினார். விவசாயம் பார்த்தார். மாலையில் ஊராரோடு சேர்ந்து நாடகம் போட்டார்.

மெள்ள மெள்ளக் கிராமத்தில் ஓர் அரங்கு எழுந்தது. 1980-ல் நாடகப் பள்ளி வந்தது. 1985-ல் ‘திருகாட்ட’ என்ற ஊர் சுற்றும் குழு கிளம்பியது. ஆண்டுதோறும் நாடகங்களைத் தயார் செய்து, கர்நாடகம் முழுவதும் போய் நடிக்கிறது. ஷேக்ஸ்பியரும் காளிதாசனும் கன்னடம் பேசிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போகிறார்கள்! சுப்பண்ணாவுக்கு 1991-ல் மகசேசே விருது கிடைத்தது. 2005-ல் அவர் இறந்தார். நீநாசம் தொடர்ந்து நடக்கிறது. சிறு அரங்குக்கு இதுதான் பெரிய பரீட்சை. ஆரம்பித்தவர் போன பிறகும் கதவு திறந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இந்த வழியில் ஒரு முயற்சி நடந்தது. 1990-ல் பி. ராஜகோபால் என்ற கூத்துக் கலைஞரும் மற்றவர்களும் கட்டைக்கூத்துச் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சை அரசந்தாங்கல் கிராமத்தில் 2002 முதல் குருகுலம் நடத்தினார்கள். பகலில் பள்ளிப் பாடம். அதோடு கூத்துப் பாடம். ஆண்களே ஆடி வந்த கூத்தைப் பெண் பிள்ளைகளும் கற்றார்கள். 2020-ல் அந்தக் குருகுலம் மூடப்பட்டது.

கணக்குப் பார்ப்போம்

பணம் இல்லாமல் பேச்சு எதற்கு? ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

80 பேர் உட்காரும் அறை. டிக்கெட் 40 ரூபாய். ஓர் இடம் கூடக் காலி இல்லை என்று வைத்துக்கொள்வோம். வசூல் 3,200 ரூபாய். நாடகத்தில் 6 பேர். ஆளுக்கு 500 ரூபாய் கொடுத்தால் 3,000 போயிற்று. மிச்சம் 200. இதில் மின்சாரக் கட்டணமா, வாடகையா, விளக்கா, போக்குவரத்தா?

ஆகவே டிக்கெட்டை மட்டும் நம்பினால் சிறு அரங்கு பிழைக்காது. அறை சிறிதாக இருப்பதுதான் அதன் அழகு. அதுவேதான் அதன் வறுமையும்.

இன்னொரு கணக்கு. 100 குடும்பங்கள் மாதம் 100 ரூபாய் சந்தா கட்டினால் 10,000 ரூபாய். நாடகம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது வரும். வாடகையையும் மின்சாரத்தையும் அது தாங்கும். டிக்கெட் பணம் நடிகருக்குப் போகும். சம்பந்த முதலியாருக்கும் பிராவின்ஸ்டவுன்காரர்களுக்கும் தெரிந்திருந்த வழி இதுதான்.

அரசாங்கமும் ஓரளவு வழி விட்டிருக்கிறது. நாடக டிக்கெட் 500 ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. வரி இல்லை. முன்பு 250 ரூபாய் வரைதான் இந்தச் சலுகை இருந்தது. 2018 ஜனவரியில் உயர்த்தினார்கள். சங்கத்தைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டுச் சட்டப்படி 7 பேர் இருந்தால் போதும். நாடகக் குழுக்களுக்கு மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் உதவித் தொகை தருகிறது. ஆனால் உதவித் தொகையில் ஓர் ஆபத்து உண்டு. வரும்போது நடிகருக்குச் சம்பளம் ஓடும். நின்றால் மறு மாதமே அடுப்பு அணையும்.

பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைப் பொதுக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டம் சொல்கிறது. அந்தப் பட்டியலில் கலையும் உண்டு. பொன்னேரி வட்டாரத்தில் துறைமுகமும் அனல் மின் நிலையமும் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. கேட்டால் கிடைக்கலாம்.

இங்கேதான் யோசிக்க வேண்டும். காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்து வருகிறார்கள். கரை அரிக்கும், ஏரி கெடும், மீன் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். நாளை ஒரு மீனவப் பையன் அதைப் பற்றியே நாடகம் எழுதினால்? கொட்டகையின் கூரை துறைமுகத்தின் பணத்தில் போட்டதாக இருந்தால், அந்த நாடகம் நடக்குமா? யாரும் தடுக்க வேண்டியதில்லை. எழுதுகிறவனே பேனாவை மூடி விடுவான். கட்சிப் பணத்துக்கும் இது பொருந்தும். 100 ரூபாய் சந்தாவின் அருமை அப்போதுதான் தெரியும்.

போலீசும் நாடகமும்

நாடகத்துக்குத் தடை வேறு விதத்திலும் வந்தது உண்டு. 1954-ல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றைச் சென்னை அரசாங்கம் கொண்டு வந்தது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்து வந்த சட்டம் என்று அதைச் சொல்வார்கள். நாடகத்தை நிறுத்த அதிகாரிகளுக்கு அது பெரிய அதிகாரம் கொடுத்தது. அதை எதிர்த்து ஞாநி சென்னை ஐகோர்ட்டில் வழக்குப் போட்டார். அதன் முக்கியப் பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2013-ல் தீர்ப்பு வந்தது.

80 பேர் அறைக்கு ஒலிபெருக்கி வேண்டாம். அதனால் அந்த அனுமதிக்கு அலைய வேண்டாம். சிறிதாக இருப்பதில் இப்படியும் ஒரு சௌகரியம்.

ஏரிக்கரையில் என்ன நடக்கும்?

இனிப் பொன்னேரியைப் பார்ப்போம்.

பொன்னேரி சென்னைக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்சார ரயில் இங்கே நிற்கிறது. பழவேற்காடு இதே தாலுகாவில், ஏரியும் கடலும் சேரும் இடத்தில் இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய ஊர் அது. ஏரியைச் சுற்றி மீனவக் குப்பங்கள். முகத்துவாரம் மணலால் மூடிக்கொண்டால் ஏரிக்கும் வருத்தம், மீனவருக்கும் வருத்தம்.

சென்னையிலிருந்து ஒரு குழு காலையில் ரயில் ஏறி வந்து, நடித்துவிட்டு, இரவே திரும்பலாம். இது பெரிய வசதி. ஆனால் பொன்னேரியில் நாடகம் வைத்தால் குப்பத்து ஜனங்கள் எப்படி வருவார்கள்? இரவு 10 மணிக்கு முடிந்தால் பழவேற்காட்டுக்கு எப்படித் திரும்புவார்கள்? விடியுமுன் வலை எடுக்க வேண்டியவர் கண் விழிப்பாரா? கடலோரத்தில் அரங்கு என்றால் மாலை 6 மணிக்குத் தொடங்கி 7½ மணிக்குள் முடிய வேண்டும். பட்டணத்து நேரம் இங்கே உதவாது.

கட்டடத்துக்கு அலைய வேண்டாம். வலை பின்னும் கூடம், மீன் ஏலக் கூடம், புயல் காப்பகம் என்று கடலோர ஊர்களில் கூரை போட்ட இடங்கள் உண்டு. மாலையில் அவற்றில் பல சும்மா கிடக்கும். பனையோலைப் பொருள் பின்னுவதில் பழவேற்காட்டுப் பெண்கள் பெயர் பெற்றவர்கள். உட்காரப் பாய்க்குப் பஞ்சமில்லை!

இன்னொரு காரணமும் இருக்கிறது. பொன்னேரியில் சித்திரைத் திருவிழாவில் அகத்தீசுவரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் வீதியில் சந்திக்கிறார்கள். ஊரே திரளுகிறது. ஆனால் பழவேற்காட்டில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் வாழ்கிறார்கள். கோயில் கூத்தானாலும் தர்கா விழாவானாலும் மாதா கோயில் தேரானாலும் ஒவ்வொன்றும் ஒருவருடைய வீட்டு விசேஷம். மற்றவர்கள் விருந்தாளிகளாகத்தான் வருவார்கள். எல்லாரும் சொந்த வீடு போல நுழையும் கூடம் ஒன்று வேண்டாமா? ஏரி கெட்டால் எல்லாருக்கும்தான் பட்டினி.

பாடு முறை

ஓர் அரங்கைப் பல குழுக்கள் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது? நகரத்தில் இதற்குக் கமிட்டி போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். பழவேற்காட்டு மீனவர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அவர்களிடம் ‘பாடு’ என்ற முறை பல தலைமுறையாக இருக்கிறது.

ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீன் கிடைக்காது. முகத்துவாரத்துக்கு அருகே இறால் அதிகம். தள்ளிப் போனால் குறைவு. நல்ல இடத்தை ஒருவரே பிடித்துக்கொண்டால் மற்றவர் கதி என்ன? அதனால் இடங்களைப் பிரிக்கிறார்கள். இன்ன நாள், இன்ன இடம், இன்னார் என்று முறை வைக்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம். கோர்ட்டு, கச்சேரி எதுவும் இல்லாமல், ஊர்ப் பஞ்சாயத்தே இதை நடத்தி வந்திருக்கிறது. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் கூட வந்து இதைப் படித்து எழுதியிருக்கிறார்கள்.

அரங்குக்கும் இதை வைத்தால் என்ன? சனிக்கிழமை நல்ல நாள். கூட்டம் வரும். செவ்வாய்க்கிழமை வராது. ஒரு மாதம் சனிக்கிழமை கூத்துக்காரருக்கு, அடுத்த மாதம் பள்ளிப் பிள்ளைகளுக்கு, அதற்கடுத்த மாதம் சென்னைக் குழுவுக்கு. பெரிய குழு, பணக்காரக் குழு என்று யாருக்கும் நிரந்தர உரிமை கிடையாது. ஒரே ஆள் கையில் அரங்கு சிக்காது. ஆரம்பித்தவர் போனாலும் முறை நிற்கும். நாடகமே போடாமல் சீட்டாட்டக் கிளப்பாக மாற்றவும் முடியாது. அடுத்த முறைக்காரர் வந்து கதவைத் தட்டுவார் அல்லவா!

ஆனால் பாடு முறையில் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. பாடு, குறிப்பிட்ட சில ஊர்களின் குறிப்பிட்ட சமூகத்து ஆண்களுக்கே உரிமை கொடுத்தது. மற்ற சமூகத்து மீனவர் அதற்குள் வர முடியவில்லை. இதனால் தகராறுகள் நடந்திருக்கின்றன. இருளர்கள் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களுக்குப் பாடு இல்லை. பெண்கள் மீனைக் கூடையில் சுமந்து விற்கிறார்கள். அவர்களுக்கும் பாடு இல்லை.

இந்த ஓட்டையோடு அதே முறையை அரங்குக்குக் கொண்டு வந்தால், தெருக்கூத்தில் பெண் வேஷத்தை ஆண் கட்டியது போல, இருளர் கதையையும் வேறு யாரோ நடித்துக்கொண்டிருப்பார்கள். இருளர் வாசலில் நின்று பார்ப்பார்கள்.

பதிவு அலுவலகத்துக்குக் கொண்டு போகும் காகிதத்தில் 7 பேர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த 7 பேரில் மீன் கூடை சுமக்கும் பெண் ஒருத்தி இருப்பாளா? கையால் இறால் பிடிக்கும் இருளர் ஒருவர் இருப்பாரா?